பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குப்பி

முதலிரு கொரோனா ஊசிகளின் காப்பு தளரும்போது அதை வலுப்படுத்த இடப்படும் கூடுதல் ஊசியான முன்னெச்சரிக்கைத் தவணை, 2022 ஏப்ரல் 10 முதல் பதினெட்டு வயது நிறைந்தோருக்கெல்லாம் உரியதாயிற்று. அறுபதை எட்டாதோர் மட்டும் பெரும்பாலும் தனியார் மையத்தில் மருந்துக்கு 225 ரூபாயும், சேவைக்கு 150 ரூபாய் வரையும் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது அன்று அதில் அடங்கியிருந்த தாராளம். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருந்ததாலும், திறந்த குப்பி சில மணி நேரமே தாங்கியதாலும், ஆரணி போன்றதொரு பட்டு நெசவூரில் கோவின் எனும் முன்பதிவுத் தளம் நேரம் ஒதுக்கினாலும், பணமும், தறியைவிட்டு எழ அவகாசமும், நோயச்சமும் ஒருங்கே வாய்த்த பத்துப் பேர் ஒரே வேளையில் கூடுவது முகூர்த்தம் குறிப்பதினும் கடினமாயிருந்தது. ஜூலை 15 முதல், விடுதலையின் எழுபத்தைந்தாம் ஆண்டை முன்னிட்டு, அரசு மையங்களில் 75 நாள்களுக்கு ஊசி இலவசமாயிற்று. அவ்வெண்ணுக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள உறவை மருத்துவ நூல்கள் இன்னும் விளக்கவில்லை.