வண்டிப்பாதையை அடைப்பவருக்குச் சில யோசனைகள்

ஒரே ராத்திரியில் வேலி போட்டுப் பாதையை மறிப்பவன் பிழைக்கத் தெரியாதவன். போகத்துக்குப் போகம் உழும்போது டிராக்டரை ஒரு சாண் வெளியே தள்ளி ஓட்டுங்கள். மாட்டு வண்டி போன இடத்தில் சைக்கிள் போகும். பிறகு அதையும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அப்போது இரண்டு தென்னம்பிள்ளை வையுங்கள். துணிச்சல் இருந்தால் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிடுங்கள். வருகிற அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

அடுத்து, அ-பதிவேட்டைப் பாருங்கள். பாதை உங்கள் பட்டாவுக்குள் வருகிறதென்றால் கவலையே இல்லை. வழியுரிமை சிவில் கோர்ட்டு சமாச்சாரம். 1882ஆம் வருடச் சட்டப்படி, 20 வருடமாகத் தடையில்லாமல் உரிமையோடு நடந்தோம் என்று எதிராளிதான் நிரூபிக்க வேண்டும். நடந்ததற்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? "எங்கப்பாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போனாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அனுமதி வாங்கி நடந்தது எத்தனை வருடமானாலும் உரிமை ஆகாது.

'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சிக்கல். 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம் வரும். 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அதற்குப் பிறகுதான் 6ஆம் பிரிவில் அகற்றுதல். இந்த வரிசையை மதிக்காத அதிகாரி வாய்க்க வேண்டும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் மனு கொடுப்பார். மனு மேலிருந்து கீழே இறங்கி வரும். ஒருவகை அதிகாரி இரண்டு பேரையும் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிடுவார். மின்விசிறிக்குக் கீழே ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்கப்பா" என்பார். எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். இதற்குப் பெயர் விசாரணை. தயங்காமல் போடுங்கள், அதை வைத்து அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொருவகை இதைவிட நல்லவர். நோட்டீசே கொடுக்காமல் ஜேசிபியோடு வந்து நிற்பார். அழாதீர்கள், செல்போனில் படம் எடுங்கள். 'என்னைக் கேட்கவே இல்லை' என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனால், இரு தரப்பையும் விசாரித்துப் புதிதாக முடிவெடுக்கச் சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு நிறைய. அது தாலுகாவுக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் தாசில்தாருக்கு மாறுதல் வந்திருக்கும். புதியவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். அதுவரை பக்கத்துக் காட்டுக்காரர் நெல்லு மூட்டையைத் தலையில் வைத்து வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகட்டும். அவர் அவசரப்பட்டு உசுப்பிவிட்ட அதிகாரி உங்களுக்குத்தான் உபகாரம் செய்தார் என்பது அவருக்குக் கடைசி வரை புரியாது.

பயப்பட வேண்டிய ஆள் ஒருவர்தான். இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குவார். வெயிலில் சர்வேயரோடு வந்து, புலப்படத்தை விரித்து, இரு தரப்பும் பார்த்து நிற்க அளப்பார். நீங்கள் சொல்வதை முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்வார். உங்கள் வாதம் ஏன் நிற்காது என்று காரணத்தோடு உத்தரவு போடுவார். அந்த உத்தரவை மேலே போய் உடைப்பது கஷ்டம். அப்படி ஒருவர் உங்கள் தாலுகாவுக்கு வந்துவிட்டால், தென்னம்பிள்ளையை நீங்களே பிடுங்கிவிடுங்கள். ஜேசிபி வாடகையாவது மிஞ்சும்.