கப்பலேறிய ரூபாய்: கப்பலூர்வாசிகளின் அயல்நாட்டுச் செலவு நடத்தை குறித்த ஆய்வுக்கான முன்னோட்டத்தின் முதற்படி

ஆய்வுக்களம் கப்பலூர். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்துக்கு முன்னால், நான்குவழிச் சாலையில் சுங்கச்சாவடியும் சிட்கோ தொழிற்பேட்டையும் தியாகராசர் ஆலையும் உள்ள ஊர். கப்பல் மட்டும் கிடையாது. கடல் பார்க்க தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். பிறகு எப்படி இந்தப் பெயர்? இரண்டு பேராசிரியர்களைக் கேட்டால் மூன்று முடிவு கிடைக்கும். மூன்றும் ஒரே கருத்தரங்க மலரில் அச்சாகும். மண்டபத்தில் இலங்கையிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். இவ்வாய்வாளரின் முடிபு நான்காவது: 'மானம் கப்பலேறிவிட்டது' என்கிறோமே, அந்தக் கப்பல் புறப்பட்ட துறை இதுதான். சான்று பின்னால் வரும். முடிவை எழுதிவிட்டுச் சான்று தேடுவது இத்துறையின் நெடுநாள் மரபு என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முதன்மைத் தகவலாளர், இவ்வாய்வாளரின் சித்தப்பா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கச் சித்தியோடு 12 நாள் போய்வந்தவர். ஆய்வுமுறை: கூடப் போனது.

வெளிநாட்டில் ரொக்கமா, கார்டா என்ற கேள்வி புதிதன்று. நம்மூருக்கு வந்த ரோமானியர் ரொக்கக் கட்சி. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். 1898-இல் புதுக்கோட்டை வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகத் தாள் தாளாக எழுதுகிறார்கள். காலாவதியான கார்டைக் குறுக்கே கத்தரித்துப் போடச் சொல்கிறதல்லவா பேங்க், அதேதான் இது என்பது சித்தப்பாவின் கருத்து (சித்தப்பா, வாய்மொழி). இதற்கு எந்த ஆய்விதழிலும் மறுப்பு வரவில்லை. நாங்கள் எதற்கும் அனுப்பவில்லை என்பது வேறு விஷயம்.

கடன் கட்சியினர் செட்டிநாட்டார். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்தியவர்கள் பணத்தை மூட்டை கட்டித் தூக்கித் திரியவில்லை, உண்டியல் எழுதினார்கள். ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, அக்கரையில் பணம். இச்சொல்லின் பிற்கால வாழ்க்கையை இறுதியில் காண்க.

பயணிகள் மூவகை. ரொக்கர்: ஏர்போர்ட்டிலேயே எல்லாவற்றையும் மாற்றி, அங்கேயே நஷ்டப்படுபவர். அட்டையர்: ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுத்துவிட்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடுவதை ஊருக்கு வந்து ஸ்டேட்மென்டில் படிப்பவர். மூன்றாமவர், 'பையன் பாத்துக்குவான்'.

சித்தப்பா எவ்வகையிலும் அடங்கார். அவர் பட்டாபட்டியர்.

பட்டாபட்டியை அறியாத தலைமுறைக்கு ஒரு விளக்கம்: முழங்கால் தொடும் கோடு போட்ட கால்சட்டை, இடுப்பில் நாடா, பக்கவாட்டில் தொடை வரை இறங்கும் பை. மேலே வேட்டி. கார்டுக்கு உலகமெங்கும் ஒரே அளவு: 85.60 மி.மீ.க்கு 53.98 மி.மீ., ஐஎஸ்ஓ 7810. பட்டாபட்டிப் பைக்கு அத்தகைய தரநிர்ணயம் இல்லை. திருமங்கலத்துத் தையல்காரரின் முழங்கைதான் அளவுகோல். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர், இந்திய நோட்டாக 25,000 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி விதித்துள்ள வரம்பு. இரண்டையும் பை தாங்கும், நாடா தாங்காது (சித்தப்பா, வாய்மொழி, டீக்கடை பெஞ்சு, இரண்டாவது டீ).

இதன் பொருளாதாரச் சிறப்பை இதுவரை யாரும் ஆராயவில்லை. கார்டைத் தட்டினால் கண்ணிமைப்பதற்குள் காசு போய்விடுகிறது. பட்டாபட்டியிலிருந்து பணம் வெளிவர வேண்டுமானால் வேட்டியை ஒதுக்க வேண்டும். நாடாவுக்குக் கீழே கைவிட வேண்டும். பிளாஸ்டிக் கவரை உருவி, ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டி, விரலை நாக்கில் தொட்டு, ஒருமுறை எண்ணி, சந்தேகப்பட்டு மறுமுறை எண்ண வேண்டும். இதற்குள் பாதிப் பொருள்கள் மேல் ஆசை போய்விடும். இதை 'நாடாத் தாமதக் கோட்பாடு' என்று இவ்வாய்வாளர் பெயரிடுகிறார். நாடா என்பதற்கு 'விரும்பாத' என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. சிலேடை தற்செயலானது அன்று.

சிங்கப்பூரில் கோட்பாடு இன்னும் இறுகியது. மகனின் வற்புறுத்தலால் வேட்டிக்குப் பதில் பேன்ட். பேன்டுக்குள் பட்டாபட்டி. ஆகவே பணம் எடுக்கக் கழிப்பறைக்குப் போயாக வேண்டும். தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக்கு ஒருமுறை, மொச்சைக்கு ஒருமுறை, இளநீருக்கு ஒருமுறை. மூன்றாம் நாள் இரவு மகன் தன் அம்மாவைத் தனியே அழைத்து, "அப்பாவுக்குச் சுகர் கூடிருச்சாம்மா? டாக்டரப் பாத்துருவமா?" என்று கவலையோடு கேட்டான் (சித்தி, மறுப்புரை, அடுப்படியிலிருந்து ஜன்னல் வழியாக, தாளிக்கும் ஓசையுடன், முழுப்பிரதி அக்கம்பக்கத்து வீடுகளில் கிடைக்கும்).

இனி, முன்னர் வாக்களித்த சான்று. களம்: சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடை. பொருள்: கோடாலித் தைலம் இரண்டு டஜன், சாக்லேட் ஆறு பெட்டி, ஒரு கைக்கடிகாரம். பட்டாபட்டி வறண்டுவிட்டது. சித்தப்பா முதன்முதலாகத் தம் கார்டை நீட்டினார். மெஷின் ஏற்கவில்லை. துடைத்து நீட்டினார். ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் எட்டுப் பேர்.

கார்டு மேல் குற்றமில்லை. 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுக்கு நாமேதான் திறந்துவிட வேண்டும். திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் சிம், கப்பலூர் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல், பழைய நோக்கியாவில் இருந்தது. வாட்ஸப்பில் எதிர்வீட்டு அக்காவை அழைத்தோம். அவர் சாவியைத் தேடி, வீட்டைத் திறந்து, கண்ணாடியைத் தேடி, கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று ஆறு எண்களையும் தெருவுக்கே கேட்கக் கத்திப் படித்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பி, மறுபடி படித்தார். வரிசையிலிருந்த ஒருவர் கடைசி இரண்டு எண்களை எங்களுக்கு முன்பே சொன்னார். கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்பியது என்பதற்கு இதற்குமேல் கல்வெட்டா காட்ட முடியும்?

கார்டு திறந்தது. மெஷின் கேட்டது: சிங்கப்பூர் டாலரிலா, இந்திய ரூபாயிலா? சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "நம்ம ரூவாயிலயே கேக்குதுப்பா. மருவாதி தெரிஞ்ச மிசினு." அமுக்கிவிட்டார்.

இங்கே ஆய்வாளர் சற்றே மெய்யாகப் பேச வேண்டியிருக்கிறது. டாலரை அமுக்கியிருந்தால் கார்டு நிறுவனத்தின் மாற்று விலை. அதன்மேல் நம் வங்கி பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 41 ரூபாய் 30 பைசா. ரூபாயை அமுக்கினால் மாற்று விலையை வைப்பது மெஷின்காரர் தரப்பு. பெரும்பாலும் அது இதைவிடக் கூடுதல். சில வங்கிகள் அதற்கும் மேலே தனிக் கட்டணம் போடும். "பாஷை தெரிஞ்சவன்கிட்டதானப்பா ஏமாறுவோம்" என்றார் சித்தி (மேலது).

வியப்பு என்னவென்றால், கட்டும் விதத்தால் விலை மாறும் என்பதைக் கப்பலூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்ச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் இருந்தால் ஒரு கட்டணம். 2025 நவம்பரில் வந்த விதிப்படி, இல்லாதவர் ரொக்கம் நீட்டினால் இரட்டிப்பு. யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ஒரே தடுப்புக்கட்டை, மூன்று விலை. அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் திருமங்கலம் வட்டாரமே ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து போனவர் ரூபாய்க் குறியைக் கண்டதும் உருகிவிட்டார். கொன்றைவேந்தன் பாடிய ஔவையும் கடல் கடந்து பொருள் தேடச் சொன்னாரே தவிர, எந்த பட்டனை அமுக்குவது என்று சொல்லவில்லை.

பணத்தின் மேல் மொழிப்பாசம் சித்தப்பாவோடு நிற்பதன்று. 1998-இல் மொரிஷியஸ் புது நோட்டு அச்சிட்டபோது இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, நோட்டையே திரும்பப் பெற்று வேறு அச்சிட வேண்டியதாயிற்று. நம் ரூபாய் நோட்டின் மொழிப்பட்டியில் தமிழ் 15-இல் 13-ஆவது. அதைப் பார்க்க யாரும் மூக்குக்கண்ணாடியை எடுத்ததாகத் தெரியவில்லை.

சிங்கப்பூர்க் காசிலும் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் உண்டு, ஒன்று தமிழ். அதனாலேயே சித்தப்பா சில்லறையைச் செலவழிக்க மனமின்றிச் சேர்த்துவைத்தார். மதுரை திரும்பியபின் கொண்டுபோய்க் கொடுத்தால், நோட்டுதான் எடுப்போம், காசு எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள் பணம் மாற்றுபவர்கள். செட்டிநாட்டார் காலத்தில் உண்டியல் என்பது காகிதம். கள்ள வழியில் ஊருக்குப் பணம் அனுப்புவதும் பின்னால் உண்டியல் ஆயிற்று. எல்லார் நாவிலும் நிலைத்தது கோயில் உண்டியல்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்தில் சித்தப்பா பட்டாபட்டிக்குள் கைவிட்டு, கவரை உருவி, ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டி, காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தமிழ் எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி திருப்பித் திருப்பி உண்டியலுக்குள் போட்டார். பின்னால் வரிசையில் எட்டுப் பேர்.