விழுவதற்குக் கட்டணம் இல்லை

பனிக்கால விளையாட்டு எதையாவது ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று யாராவது சொன்னால், ‘எலும்பு தப்பும், மானம் தப்பாது’ என்று புரிந்துகொள்வது நல்லது. கனடாவின் ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைந்தால் 7.8 கிலோமீட்டர் நீள ஸ்கேட்டிங் தளம். நுழைவு இலவசம், ஆகவே விழுவதும் இலவசம். கழைக்கூத்தாடிபோல் கைகளை விரித்து நான் ஓரடி வைப்பதற்குள், அரையாள் உயரக் குழந்தை ஒன்று என்னை இருமுறை சுற்றிவந்து, பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகும். முதுகுப்பையோடு ஒருவர் வழுக்கிக்கொண்டே ஆபீசுக்குப் போவார்.

வெங்காயம்போல் அடுக்கடுக்காக உடுத்தி முடிக்க அரைமணி நேரம். கடைசி ஜிப்பை இழுத்ததும்தான் கழிவறை ஞாபகம் வரும்.

தட்டுத்தடுமாறிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் பீவர்டெயில்: எண்ணெயில் பொரித்த மாவின்மேல் சர்க்கரையும் பட்டைத்தூளும். சூடாக இருக்கும்போதே தின்ன வேண்டும். எனக்குத் தெரிந்து பயிற்சியே தேவைப்படாத பனிக்கால விளையாட்டு இது ஒன்றுதான்.

2022-23 குளிர்காலத்தில் பனிக்கட்டி போதிய கனத்துக்கு இறுகாமல், ஸ்கேட்டிங் தளம் திறக்கப்படவே இல்லை; அரை நூற்றாண்டில் முதல்முறை. ஊரே வருந்தியது. “அடடா, இந்த வருஷம் கற்றுக்கொள்ளலாம் என்றிருந்தேனே!” என்று நானும் போர்வைக்குள்ளிருந்து வருந்தினேன்.