பிளக் சொல்லும் ஜாதகம்

கேள்வி: அப்பா கொடுத்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ல் பிளக் அடிக்கடி கரியாகிறது. மெக்கானிக் 'ஹாட் பிளக்' போடச் சொல்கிறார். எல்லா பிளக்கும் சூடுதானே?
- வாசகர், கரூர்

பதில்: வண்டியை நிறுத்தியதும் தொட்டால் எல்லாமே சூடுதான், தொடாதீர்கள்! வெப்பத்தைச் சட்டென்று சிலிண்டர் ஹெட்டுக்குத் தள்ளிவிடுவது கோல்ட் பிளக். முனையிலேயே வைத்திருந்து கரியை எரிப்பது ஹாட் பிளக். என்.ஜி.கே. கம்பெனி பிளக்கில் எண் கூடினால் கோல்ட், போஷ் கம்பெனி பிளக்கில் எண் கூடினால் ஹாட். சம்பந்திகள் என்றைக்கு ஒரே பேச்சு பேசினார்கள்?

மாற்றுமுன் பழைய பிளக்கின் முகத்தைப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் சௌக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் டூ-ஸ்ட்ரோக் ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் எஞ்சின் கொதிக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு ஹாட் பிளக் போட்டால், கரி போய் பிஸ்டனும் போகலாம்!

பிளக் முனைகளின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்கட்டும். பித்தளை பிரஷ்ஷால் துடையுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் துகள் சிலிண்டருக்குள் குடிபோய்விடும். மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள், கடைசியில்தான் ஸ்பேனர். ஹெட் அலுமினியம், மரை போனால், செலவைக் கேட்டதும் தீப்பொறி உங்கள் கண்ணில் பறக்கும்.