விசை விசாரம்

கம்பியில்லா வாக்குவம் கிளீனர் ஒன்று, பிடியிலுள்ள விசையை எத்தனை அழுத்தினும் மௌனம் கலைக்காதிருக்குமாயின், அதற்குக் காரணம் யாதென்னும் விஷயத்தில் இல்லறத்தார் மூன்று மதத்தினராகப் பிரிந்து நிற்கின்றனர். பேட்டரியே மாண்டது என்போர் முதல் மதத்தினர். மோட்டார் எரிந்தது என்போர் இரண்டாமவர். புதிய யந்திரம் வாங்குவதென்று முன்னமே சங்கற்பம் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் இம்மதத்தையே தழுவுவர். குற்றம் சுவிட்சினுடையது என்னும் மூன்றாம் மதத்துக்குச் சீடர்கள் சொற்பம். முதலிரண்டையும் பூர்வபட்சமாக வைத்து, இதனைச் சித்தாந்தமாக ஸ்தாபிப்பதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

ஆதியில் இப்பிரச்சினை இருந்ததில்லை. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் இயற்றிய தூசி உறிஞ்சும் யந்திரம், பெட்ரோல் எஞ்சினோடு குதிரை வண்டியில் ஏறி வீதியில் வந்து நிற்க, அதிலிருந்து நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியே மாளிகைக்குள் நுழைந்தன. ஏழாம் எட்வர்டு மன்னரின் 1902-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவை முன்னிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் பூத்தின் யந்திரமே. அதனை நிறுத்த வேண்டின் ஜன்னலில் தலைநீட்டி வண்டிக்காரனைக் கூவியழைக்கலாம்; வண்டிக்காரனோ எளிதில் பழுதாகிறவன் அல்லன். எஞ்சின், குதிரை, வண்டிக்காரன் ஆகிய மூவரின் பொறுப்பும் ஒருவரது ஆள்காட்டி விரலின்மீது வந்திறங்கிய பிற்காலத்திலேயே சுவிட்ச் சாஸ்திரம் தோன்றுகிறது.

அச்சுவிட்ச், பல மாதிரிகளில், கட்டைவிரல் நகத்தளவேயான மைக்ரோசுவிட்ச் ஆகும். அதனுள்ளே மெல்லிய வில்தகடு ஒன்று வளைந்து கிடந்து, விரல் எவ்வளவு சோம்பலாக இறங்கினும், குறித்த எல்லையை எட்டிய கணத்தில் 'டிக்' என்று எதிர்ப்புறம் தாவிவிடுகிறது. இத்தாவலுக்குத் தக்க ஹேது உண்டு: தொடுமுனைகள் மெல்லப் பிரியுமாயின், இடையில் எழும் தீப்பொறி நீடித்து அவற்றை அரித்துவிடும். வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால் பொறி தானே அவிந்துபோகிறது. பேட்டரி தரும் டி.சி. மின்சாரத்துக்கோ அவ்வித ஓய்வு கிடையாது. 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஆறினை வரிசையாகக் கோத்த 21.6 வோல்ட் யந்திரம், அதுவும் விரலை எடுத்தவுடன் நின்றுவிடும் மாதிரியாயின், கட்டிலடிக்கும் அலமாரியடிக்கும் போய்வருவதற்குள் எத்தனை பொறிகளுக்கு அத்தொடுமுனை ஆட்படுகிறதென்பதை வாசகரே ஊகிக்கலாம். சில உற்பத்தியாளர்கள் மோட்டாரின் மின்சாரம் முழுவதையும் இச்சிறு ஜீவனின் தலையில் சுமத்துவர். வேறு சிலர் அதனைத் தூதனாக மட்டும் வைத்துக்கொண்டு, சுமையை டிரான்சிஸ்டரிடம் ஒப்படைப்பர். பின்னவரின் யந்திரத்தில் சுவிட்ச் நிரபராதியாயிருக்க, அதனை அழுத்த வேண்டிய பிளாஸ்டிக் விசையே முறிந்திருப்பதும் உண்டு. ஆகையால் அவசரத் தண்டனை தகாது.

விசாரணைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இது விலக்கற்ற விதி. (யந்திரம் பின்னர் உயிர்பெறும்போது, பேட்டரியைக் கழற்றி மாட்டியதால்தான் ஓடுகிறதென்று முதல் மதத்தினர் உரைப்பர், விதியை வகுத்தவர் நாமேயாதலால் நமக்கு மறுமொழி இல்லை.) ரப்பர் மூடிக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் அஞ்ஞாதவாசம் புரியும் ஸ்க்ரூக்களைக் கண்டெடுத்துக் கூட்டைப் பிரித்து, சுவிட்சின் கம்பிகளை விடுவித்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் கால்களில் வைத்து அழுத்துக. 'பீப்' என்னும் ஒலி எழுமாயின் அதுவே ஆப்த வாக்கியம், சுவிட்சுக்கு விடுதலை. எழாவிடில் குற்றம் ருசு.

புதியதை வாங்கும்போது அதன்மீது பொறித்த பெரிய ஆம்பியர் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அது பெரும்பாலும் ஏ.சி.க்கு உரியது, டி.சி.க்கு உரியதோ பல சமயம் மிகச் சிறிது. கால்கள் மூன்றிருப்பின் ஒன்று பொதுக்கால். அழுத்தும்போது அதனோடு சேர்வது ஒன்று, அழுத்தாதபோது சேர்ந்திருப்பது மற்றொன்று. இக்கடைசிக் காலில் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டால், விரல் படாதபோதெல்லாம் ஓயாது இரைந்து, விரல் பட்டதும் சாந்தமடையும் யந்திரம் ஒன்று சித்திக்கும். ஏவாமலே உழைக்கும் இந்த நிஷ்காமிய கர்மத்தைத் தத்துவ நூலோர் மெச்சலாம். குழந்தை உறங்கும் வீட்டில் மெச்சுவாரில்லை.