போன குளிருக்கு இந்த ஆண்டுச் சட்டம்

பெறுநர்: அமெரிக்கக் காங்கிரஸின் ஈரவை உறுப்பினர்கள், வாஷிங்டன்.

பொருள்: செத்துப்போன வரிச்சலுகைக்கு முன்தேதியிட்டு உயிர் கொடுப்பது தொடர்பாக.

மாண்புமிகு அவையினரின் சமூகத்துக்கு, வடகிழக்கு மாநிலங்களின் நிலவறைப் பாய்லர்கள் பணிவுடன் சமர்ப்பிக்கும் மனு.

எண்ணெய் எரித்துக் குளிர்காயும் சுமார் 50 லட்சம் அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மனுதாரர்களின் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அந்த எண்ணெயில் சோயா எண்ணெயிலிருந்தும், வறுத்து மிஞ்சிய சமையல் எண்ணெயிலிருந்தும் செய்த பயோடீசலைக் கலப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. 5 விழுக்காடு கலந்தால் பாய்லருக்கு வித்தியாசமே தெரியாது. மாநிலங்களோ அத்துடன் நிற்பதாக இல்லை. நியூயார்க் 2030-க்குள் 20 விழுக்காடு என்கிறது; ரோட் ஐலண்ட் அதே ஆண்டுக்குள் 50 கேட்கிறது; கனெக்டிகட் 50-க்கு 2035 வரை பொறுத்திருக்கிறது.

கலவை ஏற ஏற மனுதாரர்களின் உடம்பில் சில உபாதைகள் உண்டு. பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கும் கசடைக் கிளப்பி ஃபில்டரையும் நாசிலையும் அடைத்துவிடும். வீட்டுக்கு வெளியே டேங்க் இருந்தால் ஜனவரிக் குளிரில் எண்ணெய் உறையத் தொடங்கும். இன்னொரு சங்கதி: தீ எரிகிறதா என்று பார்க்க பர்னருக்குள் ஒளியை உணரும் கண் ஒன்று இருக்கிறது. பயோடீசல் மிகுந்தால் சுடரின் மஞ்சள் ஒளி மங்கும். எரிகிற தீயைப் பார்த்துக்கொண்டே, அணைந்துவிட்டதென்று நினைத்து அந்தக் கண் எண்ணெயை நிறுத்திவிடக்கூடும்.

இதற்கெல்லாம் மெக்கானிக் இருக்கிறார். ஃபில்டரை மாற்றுவார், கண்ணையும் மாற்றுவார். ஆனால் அணைந்துபோனதைப் பார்த்து எரிகிறது என்று சொல்லும் கண் அவையினருக்கு வாய்த்திருக்கிறது. அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

பயோடீசலைக் கலப்பவருக்கு கேலனுக்கு ஒரு டாலர் வரை சலுகை தரும் சட்டத்தை அவை 2004-இல் நிறைவேற்றியது. 20 விழுக்காட்டுக் கலவையில் கேலனுக்கு 20 சென்ட் மிச்சம். எண்ணெய் வியாபாரத்தில் அது சின்னக் காசில்லை. அந்தச் சலுகை 2009 முடிவில் காலாவதியாகி, 2010 டிசம்பரில் முன்தேதியிட்டு எழுந்தது. 2011 முடிவில் மறுபடி போய், 2013 ஜனவரியில் எழுந்தது. 2014-க்கான சலுகைக்கு அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று கையெழுத்தானது. 31 அன்று ஆயுள் முடிந்தது. கோடையில் கலந்தவர்களுக்குப் பனிக்காலத்தில் வந்த சலுகை பன்னிரண்டே நாள் உயிரோடு இருந்தது.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 2018 பிப்ரவரி. அப்போது வந்த சட்டம் 2017-க்கு மட்டும் சலுகை தந்தது. நடப்பாண்டுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. முடிந்துபோன வருஷத்துக்கு அவை திதி கொடுத்ததாகவே மனுதாரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 2018, 2019 ஆண்டுகளுக்கான சலுகையும் 2019 டிசம்பரில்தான் ஒன்றாக வந்து சேர்ந்தது.

ஊக்கத்தொகை என்பது ஒருவரை ஒரு காரியம் செய்யத் தூண்டுவதற்கு. ஏற்கெனவே எரிந்து புகைபோக்கி வழியே போய்விட்ட எண்ணெயை எப்படித் தூண்டுவது? வீட்டுக்காரரிடம் குளிர்காலம் முழுவதற்கும் ஒரே விலை பேசி முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் டீலரின் பாட்டை அவையினர் நினைத்துப் பார்க்க வேண்டும். சலுகை வரும் என்று நம்பி விலையைக் குறைத்தால், வராவிட்டால் நஷ்டம் அவர் தலையில். வராது என்று கூட்டி வைத்தால், அடுத்த தெரு டீலர் வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விடுவார். வாஷிங்டனில் எப்போது பேனா எடுப்பார்கள் என்பதை வைத்து அவர் ஆடியது சூதாட்டம்தான். பெயர் மட்டும் எரிசக்திக் கொள்கை.

2022-இல் நிறைவேறிய சட்டம் 2024 முடிவு வரை சலுகைக்கு உயிர் கொடுத்தது. 2025 முதல் அதன் இடத்தில் வேறொன்று வந்தது. அது கலப்பவருக்கு அல்ல, தயாரிப்பவருக்கு. இத்தனை வருஷம் தேதியைத் தேடிய டீலர் இனி ஆளையும் தேட வேண்டும்.

ஆகவே மனுதாரர்கள் வேண்டுவது: இனி எந்தச் சலுகை தருவதானாலும், டேங்க் நிரம்புவதற்கு முன் அவையினர் அதை நிறைவேற்றி முடிக்க வேண்டும். அதற்கு நடைமுறைச் சிக்கல் இருக்குமானால், போன பிப்ரவரியின் குளிரையும் முன்தேதியிட்டுத் திருப்பி அனுப்பிவைக்கும்படி ஆணையிட்டால் போதும். மனுதாரர்கள் சட்டப்படி மறுபடியும் எரிந்து கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
நிலவறைப் பாய்லர்கள்