கெஸ்ட் ஹவுஸ் வெப்சைட்: ஆளை விரட்ட ஏழு படிகள்

புதுச்சேரி ஒயிட் டவுனில் கெஸ்ட் ஹவுஸ் திறந்துவிட்டீர்கள். அடுத்து வெப்சைட். 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை ஆண்ட டச்சுக்காரர்கள் தெருக்களைக் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டார்கள். அதனால் இந்த ஊரில் வழி தவறுவது கஷ்டம். உங்கள் வெப்சைட்டில் அந்தக் குறையைப் போக்கிவிடலாம்.

1. முதல் திரை முழுக்க ஒரே படம். காகிதப்பூ படர்ந்த மஞ்சள் சுவர். பக்கத்துக் கட்டடத்துச் சுவரானாலும் சரி. அதன்மேல் வெள்ளை எழுத்தில் ‘உணருங்கள்’ என்று போடுங்கள். எதை என்று சொல்லாதீர்கள்.

2. அடுத்து, தானாக ஓடும் ஐந்து படங்கள். வாடகை மூன்றாவதில் இருக்கட்டும். சைபரை எண்ணி முடிப்பதற்குள் நகர்ந்துவிட வேண்டும்.

3. மெனுவை மூன்று கோட்டுக்குள் ஒளியுங்கள். 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த குறி அது. சின்னத் திரைக்குத்தான் அது தேவை என்பார்கள். நீங்கள் பெரிய திரையிலும் ஒளியுங்கள்.

4. எல்லாவற்றையும் கார்டாக்கி, மூன்று மூன்றாக அடுக்குங்கள். இருப்பது இரண்டே அறையா? மூன்றாவது கார்டில் கடற்கரைச் சாலையைப் போடுங்கள். கடல் ஆட்சேபிக்காது.

5. தமிழ்ப் பக்கமும் வேண்டும். ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு அளந்த பட்டனுக்குள் ‘முன்பதிவு செய்யுங்கள்’ என்பதைத் திணியுங்கள். ‘செய்யு’ வரை தெரிந்தால் போதும். வரி இடைவெளியைக் குறைத்தால் ‘கூ’வின் வால் அறும், ‘கீ’யின் கொக்கி மேல்வரியில் இடிக்கும். பிரெஞ்சும் தமிழும் இடிக்காமல் நிற்கும் நம் தெருப் பலகைகளைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள்.

6. போன் திரையில் மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்பட்டை, கீழே குக்கீ அனுமதி, ஓரத்தில் வாட்ஸ்அப் பட்டன். நடுவில் இரண்டு வரி மிஞ்சுகிறதா? அங்கே ‘பத்து சதவீதத் தள்ளுபடி’ பெட்டியை விரியுங்கள். மூடும் பெருக்கல் குறி கடுகளவு, வெளிர் சாம்பல் நிறத்தில்.

7. போன் நம்பரைப் பக்கத்தின் அடியில் வையுங்கள். அடியை நெருங்கும்போதெல்லாம் புதுப் படங்கள் முளைத்து அதைக் கீழே தள்ளட்டும். விடாப்பிடியாக எட்டிப் பிடிப்பவருக்காக நம்பரைப் படமாகவே போட்டுவிடுங்கள். தொட்டால் கால் போகாது.

இனி வருகிறவர்கள் புக்கிங் ஆப் வழியாகத்தான் வருவார்கள். கமிஷனைக் கட்டுங்கள். சாவியைக் கொடுக்கும்போது மறக்காமல் கேளுங்கள்: “எங்க வெப்சைட் பாத்தீங்களா சார்?”